பழைய புல்லட்டைப் பழையதாகவே ஓடவைக்கும் வழி

முதலில் கிக்கரை மிதிக்காதீர்கள். பல ஆண்டுகள் நின்ற வண்டி கைக்கு வந்ததும் காலுக்குத் தோன்றும் முதல் ஆசை அதுதான். உள்ளே பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். உடல் எடையைப் போட்டு ஒரு மிதி மிதித்தால் வளையம் உடையும், கிக்கர் பல் நொறுங்கும். பத்தொன்பது ஆண்டுகள் பொறுத்த வண்டி இன்னும் பத்து நாள் பொறுக்கும்.

என் கைக்கு வந்தது 1974இல் திருவொற்றியூரில் செய்த புல்லட் 350. என் தாய்மாமாவின் வண்டி. அவருக்கு ஊர் கம்மவான்பேட்டை. தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் என்று வேலூர் மாவட்டம் முழுவதும் தெரியும். மாமாவும் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். விடுமுறைக்கு வந்தால் வீட்டில் தங்கமாட்டார். திருவண்ணாமலை, திருப்பதி, ஓசூர், பெங்களூர் என்று அத்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். 2005இல் முழங்கால் வலி வந்து வண்டியை மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினார். அவர் காலமான பிறகு, 2024இல், அவர் மகன் என்னைக் கூப்பிட்டு, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டார். அன்று மாலையே ஒரு குட்டியானை பேசி வண்டியை வேலூரில் நான் இருக்கும் சத்துவாச்சாரிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

இந்த வண்டிக்கு ஏன் புதுப் பெயிண்ட் அடிக்கவில்லை என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். என் அப்பாவிடமும் ஒரு புல்லட் இருந்தது. பின் மட்கார்டில் ஆற்காட்டுப் பெயிண்டர் ஒருவர் தூரிகையால் எழுதிய ‘வள்ளிமலை முருகன் துணை’ என்ற வரி இருந்தது. எனக்கு முப்பது வயதிருக்கும்போது, அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று வண்டியை முழுக்கக் கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து, பளபளவென்று புதிதாக்கிக் கொடுத்தேன். அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். பின் மட்கார்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அந்த எழுத்தைத் திரும்ப எழுத எந்தப் பெயிண்டராலும் முடியாது. அதை எழுதிய கை இல்லை.

அதனால் மாமாவின் வண்டிக்கு ஒரே விதி வைத்துக்கொண்டேன். ஓடுவதற்கும் நிற்பதற்கும் வேண்டியது எதுவாக இருந்தாலும் தயங்காமல் மாற்றுவேன். கண்ணுக்குத் தெரிவது எதையும் மாற்றமாட்டேன். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் இந்த விதிக்குள் வருபவை.

கழுவுவதற்கு முன்

தண்ணீர்க் குழாயைத் தூர வையுங்கள். இரண்டு நாள் வண்டியைச் சும்மா பாருங்கள். எல்லாப் பக்கமும் போனில் படம் எடுங்கள். ஒயர் எந்த வழியாகப் போகிறது, எந்த வாஷர் எந்தப் பக்கம் இருக்கிறது, பேட்டரியின் எந்த முனை சட்டத்தோடு சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் படத்தில் இருக்கட்டும். பிற்பாடு கைகொடுப்பவை இந்தப் படங்கள்தாம்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். டேங்கின் இருபுறமும் மாமாவின் முழங்கால் உராய்ந்து, கறுப்புப் பெயிண்ட் தேய்ந்து, அடிப்பூச்சு தெரிந்தது. அதற்கு மேலே ஓடும் பொன்னிறக் கோடு தொழிற்சாலையில் ஒருவர் கையால் இழுத்தது. உற்றுப் பார்த்தால் தூரிகை தொடங்கிய இடத்தில் கோடு ஒரு மயிரிழை தடித்திருக்கிறது. ஹெட்லைட் விளிம்பில் ஆயுத பூஜைக்கு ஆண்டாண்டாக வைத்த சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. சீட்டின் கிழிசலில் ஆம்பூரிலிருந்து வாங்கி வந்த தோல் துண்டு ஒன்றை யாரோ நேர்த்தியாகத் தைத்திருந்தார்கள். டூல் பாக்ஸில் ஒரு பிளக் ஸ்பேனரும், மாமாவின் பென்சில் கையெழுத்தில் ஒரு சிறிய நோட்டும் இருந்தன. ‘போளூர், செயின் இறுக்கியது.’ ‘வாலாஜா, பின் டியூப் பஞ்சர்.’ இப்படியே நாற்பது பக்கம்.

முதல் நாளே பிரஷர் பம்ப் போட்டு அடித்திருந்தால் அந்தச் சந்தனமும் பொன்கோட்டில் பாதியும் சாக்கடைக்குப் போயிருக்கும்.

பார்த்து முடித்த பிறகு சுத்தம். எண்ணெய் இறுகிய இடத்துக்கு மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் போதும். பெயிண்ட் உள்ள இடத்துக்கு ஈரப் பருத்தித் துணி, பிறகு மெழுகு. குரோம் மீது படிந்த துருவுக்கு, அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் செம்பழுப்பு கரைந்து வெள்ளி எழும். குரோம் உரிந்த இடம் உரிந்தே இருக்கட்டும். அங்கே லேசாக எண்ணெய் தடவினால் துரு மேலே பரவாது.

நம் ஊர்க் காற்று வறண்டது. கடற்கரை ஊர்களில் பத்து ஆண்டில் ஓட்டை விழும் மட்கார்டு இங்கே தாங்குகிறது. ஆனால் மாட்டுக்கொட்டகை வேறு கணக்கு. மாட்டு மூத்திரத்தின் உப்பும் ஈரமும் இரும்பை அரிக்கும், அதில் எழும் அமோனியா பித்தளையை அரிக்கும். மாமா வண்டியில் மாடு கட்டிய பக்கத்து ஸ்போக்ஸ் எல்லாம் நூலாகியிருந்தன. சக்கரம் உடைந்தால் உயிர் போகும் என்பதால் பின் சக்கரத்துக்கு முழுக்கப் புது ஸ்போக்ஸ் போட்டேன். ரிம் பழையதே. இன்னொன்று: வேலைக்கு முன் சைலன்சர் முனையிலும் கார்புரேட்டர் வாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். எனக்குச் சைலன்சரில் எலி சேர்த்த நெல் உமி ஒரு படி கிடைத்தது. கார்புரேட்டர் வாயை மண்குளவி வீடு கட்டி அடைத்திருந்தது.

என்ஜினை எழுப்புதல்

பிளக்கைக் கழற்றுங்கள். அந்தத் துளை வழியாக என்ஜின் எண்ணெயும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். துளையைத் துணியால் மூடிவிட்டுப் போய்விடுங்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம். நான்காவது நாள் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நான்காவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஒரு விரற்கடை அளவுக்கு அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் இன்னும் ஊற்றிக் காத்திருங்கள். எனக்கு ஆறாவது நாள் காலை, நெல்லிக்காய் அளவுக்கு ஓர் அசைவு தெரிந்தது. அதன் பிறகும் அவசரப்படவில்லை. மெல்ல மெல்ல அசைவை நீட்டி, மாலைக்குள் முழுச் சுற்று வந்தது.

அடுத்தது எண்ணெய். புல்லட்டுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி வெளியே கிடையாது. என்ஜின் அடிப்பகுதியோடு ஒரே வார்ப்பில் ஓர் அறையாக அது இருக்கிறது. வண்டி நீண்ட நாள் நின்றால் அந்த அறை எண்ணெய், பம்ப் வழியாகச் சொட்டுச்சொட்டாகக் கசிந்து, கிராங்க் சுழலும் பக்கத்தில் தேங்கிவிடும். இது தெரியாதவர்கள் தொட்டி காலி என்று நினைத்து மேலே இன்னும் ஊற்றுவார்கள். வண்டி கிளம்பியதும் எண்ணெய் கொப்பளித்து வெளியே வரும். அடியில் உள்ள வடிகால் நட்டுகள் எல்லாவற்றையும் திறந்து முழுக்க வடியுங்கள். வடிந்ததை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். மினுமினுக்கும் வெள்ளைத் துகள் நிறைய இருந்தால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது என்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும். வெறும் கறுப்புச் சேறு என்றால் பயமில்லை. ஃபெல்ட் வடிகட்டியை மாற்றிவிட்டு 20டபிள்யூ-50 எண்ணெய் ஊற்றுங்கள்.

இனி மறக்கக்கூடாத வேலை. பிளக் இல்லாமலேயே, சுவிட்ச் போடாமல், கிக்கரைக் கையாலோ மெல்லக் காலாலோ தள்ளிக்கொண்டே இருங்கள். சிலிண்டர் தலைக்கு மேலே, வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி வையுங்கள். அங்கே எண்ணெய் கசியும்வரை தள்ள வேண்டும். எண்ணெய் மேலே ஏறாத என்ஜினை இயக்கினால் ஒரே நிமிடத்தில் அதன் ஆயுள் முடியும். எனக்கு ஐம்பது அறுபது தள்ளல் ஆனது. எண்ணெய் அங்கே துளிர்த்ததைப் பார்த்தபோது பையனைப் போலக் கத்திவிட்டேன்.

டேப்பெட், அதாவது வால்வைத் தள்ளும் தண்டுகளின் இடைவெளியைச் சரிபார்ப்பது, எளிது. என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் இருக்கும்போது, சிலிண்டரின் வலப்பக்க அடியில் உள்ள சிறு மூடியைத் திறந்தால் இரண்டு தண்டுகள் தெரியும். அவை இரண்டு விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் அளவு.

டேங்க், கார்புரேட்டர், நெருப்பு

டேங்கின் உள்துருவுக்குப் பல பட்டறைகளில் கடும் அமிலம் ஊற்றுகிறார்கள். அது விளிம்பில் வழிந்தால் அந்தப் பொன்கோடு போய்விடும். நான் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைப் பயன்படுத்தினேன். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம். முதலில் டேங்கின் வெளிப்புறம் முழுவதும் கெட்டியாக மெழுகு பூசி, வாயைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன். உள்ளே ஐம்பது சிறிய நட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். ஐம்பதையும் எண்ணி வெளியே எடுங்கள். ஒன்று தங்கினாலும் டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய் (காக்) அடைபடும். ஓர் இரவு ஊறவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் இருமுறை கழுவி, வேலூர் வெயிலில் வைத்தால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்த உடனே உள்ளே கொஞ்சம் எண்ணெய் சுழற்றிவிடுங்கள். தாமதித்தால் அன்று மாலையே புதுத் துரு பூக்கும்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைத்து இளக்கும். ஆகவே பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் வாஷர்கள், காக்கின் தக்கை எல்லாம் புதிதாக, எத்தனாலைத் தாங்கும் வகையில் இருக்கட்டும். ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை எடுக்க முடியாது என்றால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். கார்புரேட்டர் ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பெட்ரோலில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை.

பிளக்கில் நெருப்புப்பொறி வர மூன்று இடம் பார்க்க வேண்டும். மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்டின் முகத்தை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ. வைக்குமாறு ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டால் அளந்து இறுக்குங்கள். பிளக் இடைவெளி அரை மி.மீ. போதும். பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சர் பார்க்க நன்றாகத் தெரிந்தாலும் வயதில் செத்துவிடும்; யோசிக்காமல் மாற்றுங்கள். கழற்றிய பழைய பாகம் எதையும் எறியாதீர்கள். ஒரு டப்பாவில் துணி சுற்றி, எப்போது எதற்காகக் கழற்றியது என்று எழுதிப் போட்டுவையுங்கள்.

ஒயரிங்கில் எலி கடித்த துண்டுகளை மட்டும் மாற்றினேன். பேட்டரிக்கு அருகே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஃபியூஸ் சேர்த்தேன். பலர் 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை. 6 வோல்ட் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் இரவில் வேகமாகப் போக முடியாது என்பது உண்மை. நான் பகலில் ஓட்டுகிறேன்.

நிற்பதற்கான வேலை

இதில் பழமைக்கு இடமே கிடையாது. டயரில் பூப்பூத்த வெடிப்பு தெரிந்தால் பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் மாற்றுங்கள். 3.25-19 அளவு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு, வாங்கும்போதே பாருங்கள். கடையில் கிடந்து கிழமான டயரும் பழைய டயர்தான்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே உள்ள தூசியை ஊதாதீர்கள், காற்றடிக்காதீர்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியையும் கட்டி எறிந்துவிடுங்கள். புது லைனிங், புது ஸ்பிரிங். கேபிள்களில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் புதியது போடுங்கள். கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்துவிட்டால் சரி.

இந்த வண்டியில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் வலது காலை அழுத்துவார், வண்டி நிற்காது. கால் தானாக இடப்பக்கம் போகும்வரை விடியற்காலையில் காலித் தெருவில் பழகுங்கள். எனக்கு ஒரு வாரம் ஆனது.

முதல் முழக்கம்

சாவியைத் திருப்புங்கள். கிக்கரை மெல்லத் தள்ளிக்கொண்டே, மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்கு வரும். தடை கனத்து, முள் நடுவில் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்தபடி கிக்கரை இன்னும் ஓர் அங்குலம் தள்ளி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிடுங்கள். இப்போது ஒரே மூச்சில் முழு மிதி. வேகம் தேவையில்லை, முழுமை தேவை. இந்த வரிசையைத் தவறாமல் செய்தால் அறுபது வயதுக்காரரும் மிதிக்கலாம். எனக்கு அறுபத்தொன்று.

மூன்றாவது மிதியில் பிடித்தது. சிலிண்டரில் ஊற்றி வைத்த எண்ணெய் எல்லாம் முதலில் சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையாக வந்து தெருவை மூடியது. புகைக்குள்ளிருந்து அந்தத் துடிப்பு வந்தது. 70 மி.மீ. குறுக்களவும் 90 மி.மீ. ஓட்டமும் உள்ள ஒற்றைச் சிலிண்டர். நீண்ட ஓட்டம், கனத்த ஃப்ளைவீல். அதனால்தான் ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் நிறுத்தி ஓடவிடாதீர்கள். காற்றால் குளிரும் என்ஜின், நின்றபடி சூடேறும்.

ஆர்.சி. புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாமாவின் புத்தகத்தில் ‘வட ஆற்காடு’ என்ற முத்திரை இருக்கிறது. 1989இல் மாவட்டம் பிரிவதற்கு முன்பு போட்டது. ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்ட நினைப்பவர்கள் தகுதிச் சோதனை காட்டி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன்.

ஊர்கோலம்

முதல் 500 கி.மீ. வரை 50க்கு மேல் போகவேண்டாம். நான் பாகாயம் வரை போய்த் திரும்பினேன், மறுநாள் கணியம்பாடி, அதற்கடுத்த வாரம் கண்ணமங்கலம். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். இந்த என்ஜினின் அதிர்வு நட்டுகளைத் தளர்த்தும். 500 கி.மீ. முடிந்ததும் எண்ணெயை மாற்றுங்கள், டேப்பெட்டைத் திரும்பப் பாருங்கள், செயினை இறுக்குங்கள்.

பிறகு ஏலகிரி ஏறினேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். புல்லட்டின் குணம் அங்கேதான் தெரிகிறது. இரண்டாவது கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திறந்தால் போதும், வண்டி மூச்சு வாங்காமல் ஏறுகிறது. மாமா ஏன் இதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார் என்று ஏழாவது வளைவில் எனக்குப் புரிந்தது. இறங்கும்போது அதே இரண்டாவது கியரிலேயே வாருங்கள். டிரம் பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் சூடேறிப் பிடி விட்டுவிடும்.

போன மாதம் கம்மவான்பேட்டைக்குப் போனேன். அத்தை வெளியே வந்து, வண்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டு, சீட்டின் தோல் துண்டைத் தொட்டார். ஊசி கையில் குத்திய கதையைச் சொன்னார். தைத்தது யார் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்கு வந்ததும் மாமாவின் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு, ‘கம்மவான்பேட்டை, பின் பிரேக் சரிசெய்தது’ என்று பென்சிலால் எழுதினேன்.

டைமிங் மூடியின் ஓரத்தில் எண்ணெய் இன்னும் துளித்துளியாகக் கசிகிறது. பேக்கிங் காகிதம் வெட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறக்க வேண்டும்.